வேலிக் கள்ளியும் தொட்டிக் கள்ளியும்

தமிழில் கள்ளி என்ற சொல்லுக்கு நல்ல பெயர் அமைந்ததில்லை. சங்கப் பாடல்களில் அது பாலை நிலத்தின் அடையாளம். பொருள் தேடிப் பிரியும் தலைவன் கடக்கும் வெம்மையான வழியில் அது நிற்கிறது. புறநானூற்றிலோ ஈமக்காட்டின் செடியாக வருகிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தப் பொருள் பெரிதாக மாறிவிடவில்லை. வைகை அணைக்காகத் தம் ஊர்களை இழந்த எளிய மக்களின் கதையை எழுத வந்த வைரமுத்து, அந்த நாவலுக்குக் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' என்றே பெயர் வைத்தார். 1959இல் திறக்கப்பட்ட அந்த அணை இருப்பது ஆண்டிபட்டிக்கு அருகில். அந்த நாவல் 2003ஆம் ஆண்டுக்கான சாகித்ய அகாதமி விருதைப் பெற்றது. 'கள்ளிக்காடு' என்ற ஒரு சொல்லே வறட்சியையும் வறுமையையும் வாசகனுக்கு உணர்த்திவிட்டது.

அதே தேனி மாவட்டத்தில் இன்று கள்ளியும் அதன் தூரத்து உறவுகளும் காசு கொடுத்து வாங்கும் பொருளாகி, சிறு தொட்டிகளில் அமர்ந்து, சன்னல் திண்டுக்கும் மொட்டைமாடிக்கும் வந்துவிட்டன. நர்சரிக்காரர்கள் இவற்றைச் சக்குலண்ட் என்கிறார்கள். பாடநூல் தமிழில் சதைப்பற்றுத் தாவரங்கள். ஊருக்கு வெளியே நின்ற செடி வீட்டுக்குள் வந்த இந்த வரலாற்றில் ஒரு வணிகக் கம்பெனியின் பேராசையும், ஒரு பூச்சியின் பசியும், ஒரு தாவரவியலாளரின் நாக்கும் இடம்பெறுகின்றன. அதை அறிந்துகொள்வது வெறும் பழங்கதைச் சுவைக்காக அன்று. தொட்டிக்கு எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும் என்ற எளிய கேள்விக்கான விடையும் அந்த வரலாற்றுக்குள்தான் இருக்கிறது.

*

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மேற்கே ஏலமலைத் தொடர், கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். இடையில் நீண்டு கிடப்பது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் பென்னிகுக்கின் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே தண்ணீர் கிழக்கே திரும்பிய பிறகு, கூடலூரிலிருந்து சின்னமனூர் தாண்டியும் நெல்லும் தென்னையும் திராட்சையும் செழித்தன. ஆனால் வாய்க்கால் தொடாத மேட்டு நிலம் முன்பு இருந்தது போலவே கரடாகவும் சரளையாகவும் நின்றது. ஆண்டிபட்டிப் பக்கமோ மலை மறைவில் கிடக்கும் மானாவாரி பூமி. பச்சையும் வறட்சியும் ஒரு நடைத் தொலைவில் அடுத்தடுத்து அமைந்த இந்த நிலத்தில், நீரைத் தன் உடலுக்குள்ளேயே சேமித்து வைக்கும் செடிகளுக்கு என்றும் இடம் இருந்தது.

அவற்றுள் சதுரக்கள்ளி இந்த மண்ணின் பூர்வகுடி. பிரண்டை துவையலுக்கு ஆவது. மருள் நார் தருவது. கள்ளிமுளையான் ஆடு மேய்ப்பவர் வெறும் வாயில் ஒடித்துத் தின்பது. திருகுகள்ளி ஆப்பிரிக்காவிலிருந்தும் சோற்றுக்கற்றாழை அரேபியத் தீபகற்பத்திலிருந்தும் வந்தவை என்றாலும், வந்த காலம் மறந்துபோகும் அளவுக்கு நம்முடையவை ஆகிவிட்டன. கண்ணேறு படாதிருக்க வாசல் நிலையில் வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் கற்றாழை, மண்ணும் நீரும் இன்றிப் பல மாதங்கள் உயிரோடிருப்பதை நம் வீடுகளில் எல்லோரும் கண்டிருப்போம். சதைப்பற்றுத் தாவரம் என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை.

இவற்றில் எதுவும் கேக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கேக்டஸ் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. இலங்கையிலும் ஆப்பிரிக்காவிலும் இயற்கையாக வளரும் ரிப்சாலிஸ் இனம் ஒன்றே அதற்கு விதிவிலக்கு. சதுரக்கள்ளியை ஒடித்தால் பால் வடியும். கேக்டஸ் வகைகளில் பெரும்பாலானவற்றில் வடியாது. இரு வேறு குடும்பங்கள், இரு வேறு கண்டங்களில், ஒரே வறட்சிக்கு ஒரே விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. தமிழர் இரண்டையும் கள்ளி என்ற ஒரே பெயரால் அழைத்ததில் பிழை ஒன்றும் இல்லை. தட்டையான தண்டுகளோடு வந்த அமெரிக்கக் கள்ளிக்குச் சப்பாத்திக்கள்ளி என்றும் நாகதாளி என்றும் பெயரிட்டார்கள்.

*

சப்பாத்திக்கள்ளி இனங்களைக் கம்பெனி அரசு ஒரு காலத்தில் தேடித் தேடி வளர்த்தது. காரணம், சிவப்பு. மெக்சிகோவில் ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியின் மேல் வாழும் கொச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுக்கும் சாயம், ஐரோப்பியத் துணிகளுக்கு ஆழ்ந்த செந்நிறம் தந்தது. அந்த வணிகம் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அந்தப் பிடியை உடைக்க வேண்டும் என்ற எண்ணம் சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனைப் பற்றிக்கொண்டது. 1786இல், சென்னையில் புல்லின் மேல் அத்தகைய பூச்சி ஒன்றைக் கண்டதாக இலண்டனில் இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் எழுதினார். அது சாயத்துக்கு உதவாத வேறு பூச்சி. ஆண்டர்சன் சோர்ந்துவிடவில்லை. உண்மையான பூச்சி என்றேனும் வந்து சேரும், அதற்கு முன் அதற்கான உணவை வளர்த்து வைப்போம் என்று 1789இல் சைதாப்பேட்டைப் பகுதியில் ஒரு கள்ளித் தோட்டம் போடப்பட்டது. அதன் பெயர் நோபால்ரி. அதைக் கவனித்துக்கொண்டவர் அவருடைய மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி. அயல்நாட்டுக் கள்ளிகளைத் தமிழ் மண்ணில் பேணி, பதியன் போட்டு, ஊர் ஊராக அனுப்பிய முதல் அரசு முயற்சி இதுவென்று கொள்ளலாம்.

1795இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அங்கிருந்து அவை சென்னைக்கும் வந்தன. ஆனால் வந்தது உயர்ரகக் கொச்சினீல் அன்று. தரம் தாழ்ந்த சாயம் தரும் காட்டினம் அது. வணிகம் கைகூடவில்லை. 1800 வாக்கில் நோபால்ரி மூடப்பட்டு, அதன் செடிகள் பெங்களூர் லால்பாக்குக்கு அனுப்பப்பட்டன. அங்கே அவற்றைப் பொறுப்பேற்றவர் பெஞ்சமின் ஹெய்ன். தரங்கம்பாடிக்கு மொராவியச் சமயப் பணியாளராக வந்து, பிறகு கம்பெனியின் தாவரவியலாளர் ஆனவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்வோம், மீண்டும் வரும்.

சாயம் தராத பூச்சி வேறொன்றைச் செய்தது. ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்று தீர்த்தது. அதைக் கண்டு, 1836க்கும் 1838க்கும் இடையில் தென்னிந்தியாவுக்கு அந்தப் பூச்சியைக் களையழிப்புக்காகவே கொண்டுவந்தார்கள். ஒரு பூச்சியைக் கொண்டு ஒரு களையை அடக்கியதில் உலகின் முதல் வெற்றி என்று அறிவியல் நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. ஆனால் வேலிகளில் நிறைந்து, மேய்ச்சல் நிலங்களையும் ஊர்ப் பொதுவையும் விழுங்கிக்கொண்டிருந்த இன்னொரு இனம், மஞ்சள் முட்களுடைய டில்லேனி, இந்தப் பூச்சிக்கு மசியவில்லை. வெட்டினால் ஒவ்வொரு துண்டும் வேர் பிடித்தது. வெட்டிக் குவித்து எரிப்பது செலவு மிகுந்த வேலை. இந்தச் சிக்கல் தீர இன்னொரு நூற்றாண்டு ஆயிற்று. 1926இல் இலங்கையிலிருந்து டாக்டிலோபியஸ் ஒபன்ஷியே என்ற மற்றொரு கொச்சினீல் இனம் தென்னிந்தியாவுக்கு வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில் ஏறத்தாழ 40,000 ஹெக்டேர் நிலத்தில் கள்ளி வெண்பஞ்சு போர்த்தியது போல் ஆகி, அழுகிச் சரிந்தது.

தொட்டியில் சப்பாத்திக்கள்ளி வளர்ப்பவர்கள் இந்த வரலாற்றைத் தம் விரல் நுனியில் காண முடியும். தண்டில் வெண்பஞ்சு திட்டுத் திட்டாகத் தெரிந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். அடர்ந்த செந்நிறம் வழிந்தால் அது கொச்சினீல். அந்த நிறத்துக்காகத்தான் கம்பெனி அத்தனை கடிதங்கள் எழுதியது. அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அது மாவுப்பூச்சியாக இருக்கலாம். கொச்சினீல் கேக்டஸ் வகைகளை மட்டுமே தாக்கும். மாவுப்பூச்சி அடுத்த தொட்டிக்கும் போகும். இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே: செடியைத் தனியே ஒதுக்கி, பஞ்சைத் தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, வெயில் தாழ்ந்த பிறகு நீர்த்த வேப்பெண்ணெய்க் கரைசலைத் தடவுவது.

*

கள்ளியை வீட்டுக்குள் கொண்டுவரத் தயங்கியதற்கு முள் மட்டுமே காரணம் அன்று. பால் வடியும் செடி வீட்டில் ஆகாது என்பார்கள் முதியவர்கள். அந்தச் சொல்லின் அடியில் கிடப்பதை மதுரை, தேனிச் சீமையைப் பற்றி எழுதும் எவரும் மூடி மறைக்க இயலாது. கள்ளிப்பால் இங்கே பெண் சிசுவுக்குக் கொடுத்த நஞ்சுகளுள் ஒன்று. 1980களில் உசிலம்பட்டிப் பகுதியைப் பற்றிய பத்திரிகைச் செய்திகள் அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தன. அரசு 1992இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கி, 2001இல் தேனி உள்ளிட்ட மாவட்டங்களுக்கும் விரிவாக்கியது. அல்லிநகரத்துக்காரரான பாரதிராஜா 1994இல் எடுத்த 'கருத்தம்மா' இந்தக் கொடுமையைப் பேசியது. செடி குற்றம் செய்யவில்லை. அதன் பாலைப் பிழிந்தவை மனிதக் கைகள். ஆயினும் ஒரு வட்டாரத்தின் நினைவில் ஒரு செடிக்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை அறியாமல் அதை அழகுப் பொருளாக மட்டும் பார்ப்பது முழுமையான பார்வை ஆகாது.

நடைமுறைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் பால் வடியும் வகைகளை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். வெட்டும்போது கையுறை வேண்டும். வெட்டிய துண்டை நீரில் கழுவி, பால் நின்ற பின் ஒரு வாரம் நிழலில் காயவிட்டே நட வேண்டும்.

*

இப்போது ஹெய்னிடம் திரும்புவோம். ரணகள்ளி என்று நாம் அழைக்கும் செடி ஒன்று உண்டு. இலையைக் கிள்ளிப் போட்டால் விளிம்பில் குட்டிச் செடிகள் முளைக்கும். அதன் இலையை ஹெய்ன் வெவ்வேறு வேளைகளில் மென்று பார்த்தார். விடியலில் அது கடும் புளிப்பாக இருந்தது. பொழுது ஏற ஏறப் புளிப்புக் குறைந்து, நண்பகலில் சுவையற்றுப் போயிற்று. மாலையில் இலேசான கசப்புத் தட்டியது. இதை அவர் 1813இல் ஒரு கடிதமாக எழுத, இலண்டன் லின்னேயன் சங்கம் தன் வெளியீட்டில் அச்சிட்டது. சங்கப் பாடல்கள் முதல் நம் பாட்டிமார் வரை கள்ளியைப் பார்த்தவர்கள் பலர். அதன் ஒரு நாளைய வாழ்வை நாவால் அளந்து எழுதிவைத்தவர் அவர்.

அந்தப் புளிப்பின் காரணம் முழுமையாக விளங்க இருபதாம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை உள்வாங்குகின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. சதைப்பற்றுச் செடிகளில் பெரும்பாலானவை பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றன. இரவில் வாங்கியதை மாலிக் அமிலமாக மாற்றிச் சேமித்து, மறுநாள் வெயிலில் அதைச் செலவிட்டு உணவு தயாரிக்கின்றன. விடியற்காலையில் ஹெய்னின் நாக்கில் பட்டது அந்த இரவுச் சேமிப்பு.

தொட்டிச் செடிப் பராமரிப்பின் சாரம் இதுதான். இந்தச் செடிகள் வளர்வதும் வளராமல் நிற்பதும் பகலின் வெயிலை மட்டும் பொறுத்ததன்று. இரவின் குளிர்ச்சியைப் பொறுத்தது. இரவு புழுங்கினால் எச்செவேரியா போன்றவற்றுக்குத் துளை திறக்க வழியில்லை. அவை வேலையை நிறுத்திக்கொள்கின்றன. அப்போது ஊற்றும் தண்ணீர் வேரில் தங்கி அழுகலாகிறது. கோடையில் தாராளமாக நீர், குளிர்காலத்தில் நிறுத்தம் என்று எழுதும் ஐரோப்பிய நூல்கள் பொய் சொல்லவில்லை; அவர்களுடைய கோடை இரவுகள் குளிர்ந்தவை. அந்த விதியை அப்படியே தேனியில் பின்பற்றினால் பல வகைச் செடிகள் வைகாசி முடியும் முன்பே போய்விடும்.

ஆகவே நமக்கு நம் பஞ்சாங்கமே வழிகாட்டி. சித்திரை, வைகாசியில், குறிப்பாக அக்னி நட்சத்திர நாட்களில், எச்செவேரியா, ஹவோர்த்தியா, கிராசுலா வகைகளை நண்பகல் வெயில் படாத இடத்துக்கு மாற்ற வேண்டும். இலை சுருங்கினால் மட்டும் சிறிது நீர், அதுவும் அதிகாலையில் அல்லது வெயில் தாழ்ந்த பின். ஏடன் நகரத்தின் பெயரைத் தாங்கிய அடீனியம் இதற்கு நேர்மாறானது. கோடை அதன் கொண்டாட்டம். முழு வெயிலில் வைத்து, மண் காயக் காய நீர் ஊற்றினால் பூத்துக் குலுங்கும்.

ஆனி, ஆடியில் பள்ளத்தாக்கு இரண்டாகப் பிரிகிறது. கூடலூர், கம்பம் பக்கம் மலை தாண்டி வரும் சாரலும் மேகமும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகளைச் சுழற்றும் வறண்ட காற்று மட்டும். முதல் வட்டாரத்தில் வானத்தைப் பார்த்துத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இரண்டாவதில் தொட்டி மண் எதிர்பாராத வேகத்தில் காயும். கனமற்ற பிளாஸ்டிக் தொட்டிகள் காற்றில் உருளும். மண்தொட்டி நல்லது. ஒரே மாவட்டத்துக்குள்ளேயே ஒரே விதி செல்லாது.

ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் உண்மையான சோதனை. தொட்டிச் செடிகளைப் பொறுத்தவரை வெயிலைவிட மழைக்கே அதிகம் அஞ்ச வேண்டும். ஓடு அல்லது தகரக் கூரையின் விளிம்புக்கு உள்ளே, செங்கல் மேல் உயர்த்தி வைக்க வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கவே கூடாது. மண் கலவையின் அருமை அப்போது தெரியும். பருத்த ஆற்றுமணல், செங்கல் சில்லு, சரளை, அடுப்புக்கரித் தூள் இவை பாதிக்கு மேல் இருக்க, மீதி செம்மண்ணும் நன்கு மட்கிய தொழுவுரமும் போதும். சுருங்கச் சொன்னால், வயல் மண்ணை விட்டுவிட்டுக் கரட்டு மண்ணை நாம் தொட்டிக்குள் உருவாக்குகிறோம்.

மார்கழியும் தையும் பொற்காலம். பகலில் இதமான வெயில், இரவில் குளிர். எச்செவேரியா அந்நாட்களில்தான் நிறம் ஏறி, இலை நெருங்கி, அழகு பெறும். வாரம் ஒரு முறை மண் நனைய ஊற்றலாம். அடீனியம் இலையுதிர்த்து உறங்கும் காலமும் இதுவே; அதற்கு நீரைக் குறைக்க வேண்டும். மாசியில் தொட்டி மாற்றலாம். பழைய வேரை நறுக்கி, ஓரிரு நாள் காயவிட்டு, உலர்ந்த கலவையில் நட்டு, சில நாள் கழித்தே நீர் ஊற்ற வேண்டும். பங்குனி வெயில் ஏறும் முன் புதுவேர் பிடித்துவிடும்.

*

இத்தனை அக்கறையும் தூரதேசச் செடிகளுக்கு வாய்த்திருக்கும்போது, நம் கரடுகளில் ஒன்று கவனிப்பாரின்றிக் கிடக்கிறது. முன்பு சொன்ன கள்ளிமுளையான்தான் அது. விரல் பருமனுள்ள நாற்கோணத் தண்டு, நுனியில் கருஞ்சிவப்புச் சிறு பூக்கள். முட்புதரின் நிழலில், பாறை இடுக்கில் வளரும். 1795இல் வில்லியம் ராக்ஸ்பர்க் அறிவியலுக்கு இதை அறிமுகம் செய்தபோது இதன் தெலுங்குப் பெயரையும் பதிந்தார். அந்தப் பெயரிலிருந்தே காரலுமா என்ற பேரினப் பெயர் பிறந்தது. பஞ்ச காலத்தில் பசியடக்கிய உணவுகளுள் ஒன்று இது. அதே குணத்தைக் காரணம் காட்டி, இரண்டாயிரத்துக்குப் பின் இதன் சாறு மேலைநாடுகளில் உடல் மெலியும் மாத்திரையாக விற்பனைக்குச் சென்றது. பசித்தவனின் பசியை மறக்கச் செய்த செடி, உண்டு கொழுத்தவனின் பசியைக் குறைக்கவும் அழைக்கப்பட்டது. வேரோடு பிடுங்குவதும், சப்பாத்திக்கள்ளி அழிந்த தரிசுகளில் சீமைக் கருவேலம் பரவியதும், கரடுகள் கல் குவாரிகளாவதும் இந்தச் சிறு செடியின் இடத்தைச் சுருக்கிக்கொண்டே வருகின்றன.

தொட்டியில் வளர்க்க இது கடினமான செடி அன்று. வளர்ப்பவரிடமிருந்து ஒரு தண்டு வாங்கினால் போதும். காட்டிலிருந்து தோண்டி எடுக்கவே வேண்டியதில்லை. வெட்டு காய்ந்ததும் சரளை மிகுந்த கலவையில் நட்டு, நண்பகல் நிழல் விழும் இடத்தில் வைக்க வேண்டும். மேலே சொன்ன பருவ விதிகளில் மழைக் காப்பு ஒன்றைப் பின்பற்றினால் மற்றவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். நம் வெயிலையும் நம் புழுக்கத்தையும் அது ஏற்கெனவே அறியும்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் சைதாப்பேட்டைத் தோட்டத்தில் அயல்நாட்டுக் கள்ளியைப் போற்றி வளர்த்தார்கள். நூறாண்டுகளுக்கு முன் அதன் இன்னொரு இனத்தை அழிக்கப் பூச்சியை வரவழைத்தார்கள். இன்று அதன் சுற்றத்தாரை மீண்டும் விலை கொடுத்து வாங்குகிறோம். இந்த ஏற்ற இறக்கங்கள் எதிலும் சேராமல், எவர் கணக்கிலும் வராமல் வாழ்ந்த செடி கள்ளிமுளையான். மொட்டைமாடித் தொட்டிகளின் வரிசையில் அதற்கும் ஓர் இடம் தருவது, கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு எளிதாகச் செய்யக்கூடிய காரியம்.